பஞ்சு வரி போனது, வந்தது, மறுபடியும் போனது

வாசகர் கேள்வி | 20 ஆகஸ்ட் 2025

பஞ்சு இறக்குமதி வரியை மத்திய அரசுக்காரர்கள் நேற்று முதல் எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 30 வரைதானாம். 2021 பட்ஜெட்டில் போட்டதும் இவர்கள்தான், 2022-ல் ஆறேழு மாதம் எடுத்துவைத்ததும் இவர்கள்தான், திரும்பப் போட்டதும் இவர்கள்தான். ஆட்சிகூட மாறவில்லை. அப்படியிருந்தும் தொழில், வணிகக் கொள்கை ஐந்து வருடம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காரணம் தேர்தல், வேறொன்றும் இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

20 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

மறுக்கிறேன், பாதி மட்டும்.

வெங்காயத்துக்கு நீங்கள் சொல்வது அப்படியே பொருந்தும். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8-ல் முழுத் தடை. 2024 மே 4-ல் தடை நீங்கியது. வெங்காயம் விளையும் நாசிக் பக்கம் ஓட்டுப்பதிவு மே 20. செப்டம்பர் 13-ல் குறைந்தபட்ச விலையும் போய், வரி பாதியானது. நவம்பரில் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல். இந்த ஏப்ரல் 1-ல் வரியே இல்லை. காலண்டரையும் தேர்தல் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பொருளாதாரம் படிக்க வேண்டாம்.

பஞ்சு அப்படியில்லை. இருபத்து மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு கொள்முதல். அப்புறம் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்ட் வேலை. இந்தத் தடவை வரி போனதற்குக் காரணம் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கும் 50 சதவீத வரி. அது நம் ஊர்த் தேர்தல் எதிலும் இல்லை.

இன்னொன்று. ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை என்றால் 43 நாள். பிரேசிலில் இன்று பஞ்சு வாங்கி ஏற்றினால் தூத்துக்குடி வந்து சேர ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. சுங்கத்தில் வரி விகிதம் நாம் ஆர்டர் போட்ட தேதியைப் பார்ப்பதில்லை, சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போடும் தேதியைப் பார்க்கும். அப்படியானால் இந்தச் சலுகை யாருக்கு? ஏற்கெனவே கடலில் மிதக்கும் பஞ்சுக்கும், பாண்டட் கிடங்கில் வரி கட்டாமல் கிடக்கும் பஞ்சுக்கும். 10 சதவீதம் மிச்சம் என்று இன்று இனிப்பு கொடுத்த மில்கள் கெட்டிக்காரர்கள் அல்ல, அதிர்ஷ்டசாலிகள். இதைக் கொள்கை என்று சொல்வதா, குலுக்கல் என்று சொல்வதா என்று தெரியவில்லை.

21 ஆகஸ்ட், காலை 7.15

திருத்தம். 10 இல்லை, 11. அடிப்படைச் சுங்க வரி 5, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5, இரண்டையும் கூட்டி அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ். கொள்முதலில் இருந்தவன் இதை மறக்கக் கூடாது.

அதோடு, 32 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள இழைப் பஞ்சுக்கு 2024 பிப்ரவரியிலேயே வரி போய்விட்டது. ஆகவே "பஞ்சு வரி" என்று நாம் ஒற்றையாகப் பேசுவதும் முழுச் சரியில்லை.

21 ஆகஸ்ட், மாலை 6.30

சாப்பிடும்போது யோசித்தேன். "ஒரே கொள்கை" என்று கேட்கிறீர்களே, யாருடைய கொள்கை?

பஞ்சு விவசாயிக்கு விற்கும் பொருள், மில்லுக்கு மூலப்பொருள். நூல் மில்லுக்கு விற்கும் பொருள், நிட்டிங்காரருக்கு மூலப்பொருள். ஒரு கண்ணிக்கு நல்லது செய்தால் அடுத்த கண்ணி அலறும். டெல்லியில் விவசாயிக்கு ஒரு அமைச்சகம், ஜவுளிக்கு ஒன்று, ஏற்றுமதி இறக்குமதிக்கு ஒன்று, விலைவாசியைப் பார்க்க நுகர்வோர் விவகாரம், எல்லார் கையையும் பிடித்துக்கொள்ள நிதி. இவர்கள் யாரும் தப்பே செய்ய வேண்டாம். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலே கொள்கை ஊஞ்சல் ஆடும்.

இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் என் கதையைச் சொல்கிறேன். 2010–11-ல் பருத்தி நூல் ஏற்றுமதியை வருடத்துக்கு 72 கோடி கிலோ என்று மத்திய அரசு கட்டிப்போட்டது. நான் அப்போது மில்லில். நூலை வெளியே விடாதே என்று கேட்டது திருப்பூர்க்காரர்கள். எங்கள் ஆபீசில் திருப்பூர் என்று யாராவது சொன்னால் போதும், வசவுதான். 2011 கோடையில் கோடவுன் நிரம்பி வராண்டாவில் நூல் மூட்டை அடுக்கினோம். காலையில் சொன்ன விலை சாயங்காலம் இல்லை.

2022 மே. இப்போது நான் பனியன் பக்கம். பஞ்சு ஒரு கேண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நூல் விலை மாதம் பிறந்தால் ஏறுகிறது, வெளிநாட்டு பையரோ போன வருட விலைக்கு மேல் தர மாட்டேன் என்கிறான். மே 16, 17 இரண்டு நாள் திருப்பூரே வேலைநிறுத்தம். நானும் "நூல் ஏற்றுமதியை நிறுத்து" என்று ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ படம் எடுத்துப் போட, பழைய மில் நண்பர் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ஏனுங்க, அட்டையில எழுத்து உங்க எழுத்து மாதிரியே இருக்குதே?"

"ஆமாங்க, நான்தான் எழுதினேன்."

"2010-ல நம்ம மில்லுல இருந்து டெல்லிக்குப் போன கடிதத்தோட காப்பி என்கிட்ட இருக்குதுங்க. அதையும் நீங்கதான் எழுதினீங்க."

அந்தக் கடிதத்தில், நூல் ஏற்றுமதியைத் தடுப்பது தொழிலை முளையிலேயே கிள்ளும் செயல் என்று எழுதியிருந்தேன். கையெழுத்து முதலாளியுடையது. வாசகம் என்னுடையது.

ஜவுளிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை இது. அதே 2022 மே 22-ல் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி. நவம்பர் 19-ல் ரத்து. முதல் அறிவிப்புக்குப் பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள், இரண்டாவதுக்கு ஆலைக்காரர்கள்.

22 ஆகஸ்ட்

விவசாயியைப் பற்றி ஒரு வரிகூட உருப்படியாக இல்லை என்று ஒருவர் திட்டியிருக்கிறார். நியாயம்.

இந்தப் பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு ஆதரவு விலை குவிண்டால் 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110. போன வருடம் 7,121, 7,521. ஒரு கையால் ஆதரவு விலையை ஏற்றிவிட்டு மறுகையால் இறக்குமதிக் கதவைத் திறந்தால், வெளிச்சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும். அப்புறம் மத்திய அரசின் பருத்திக் கழகம் வாங்கிக் குவிக்க வேண்டும். நடுவில் விழும் பள்ளத்தைக் கஜானா நிரப்பும். இரண்டு முடிவும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை, அதுதான் சங்கடம்.

செப்டம்பர் 30-ல் ஏன் நிறுத்தினார்கள் என்பதும் இப்போது புரிகிறது. அக்டோபர் 1-ல் புதுப் பருத்தி ஆண்டு பிறக்கிறது. புதுப் பஞ்சு வரத்துக்குள் கதவை மூடிவிடலாம் என்ற கணக்கு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

லீவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொள்கை மாறியதைவிட மாறிய விதம்தான் ஆளைக் கொல்கிறது. கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமைக்குத் தட்டுப்பாடு. நாம் உலகத்துக்கே சோறு போடத் தயார் என்று ஏப்ரலில் பேச்சு. மே 13 காலையில் கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்கு வணிகக் குழு அனுப்புகிறோம் என்று அறிவிப்பு. அன்று இரவே ஏற்றுமதிக்குத் தடை. பந்திக்கு அழைத்து, உட்கார்ந்தபின் இலையை எடுத்த கதை.

தடை தப்பு என்று சொல்லவில்லை. மார்ச்சிலேயே வெயில் கொளுத்தி விளைச்சல் விழுந்துவிட்டது, அரசுக் கொள்முதல் பாதியாகிவிட்டது, உள்ளூர் விலை ஏறிக்கொண்டிருந்தது. எந்த அரசும் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. ஆனால் ஒரு கை அழைப்பிதழ் அடிப்பது மறுகைக்குத் தெரியாத மாதிரி இருந்ததே, அது விளைச்சல் குறைந்ததால் வந்ததல்ல.

வெளிநாட்டு வணிகக் கொள்கையில் 1.05 என்று ஒரு பத்தி உண்டு. திடீர்க் கட்டுப்பாடு வந்தால், அதற்கு முன்பே பில் ஆஃப் லேடிங்கோ (கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) மாற்ற முடியாத எல்.சி.யோ (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) இருக்கும் சரக்கை விட்டுவிட வேண்டும் என்று. டாக்குமென்ட் பார்ப்பவனுக்கு அந்தப் பத்தி கந்த சஷ்டி கவசம் மாதிரி. பிரச்சினை என்னவென்றால், சில அறிவிக்கைகளின் கடைசி வரியில் "இந்த ஏற்பாடு இதற்குப் பொருந்தாது" என்றும் எழுதிவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் குருணை அரிசிக்கு அப்படித்தான். சில நாள் அவகாசம், அதற்குள் ஏற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கோதுமைக்கு எல்.சி. இருந்தால் போகலாம் என்றார்கள். உடனே நாட்டில் பழைய தேதியிட்ட எல்.சி.கள் முளைத்தன. மாதம் முடிவதற்குள் எல்லா எல்.சி.களையும் நேரில் சரிபார்க்க உத்தரவு வந்தது. ஒழுங்காக எல்.சி. வைத்திருந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். அரசு திடீரென்று மாறினால் வியாபாரி திருட்டுத்தனம் பண்ணுவான், அதைக் காட்டி அரசு அடுத்த தடவை இன்னும் திடீரென்று மாறும். இதில் யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்பது கோழியா முட்டையா கேள்வி.

லேப்டாப் விஷயம் இன்னும் வேடிக்கை. 2023 ஆகஸ்ட் 3-ல், லேப்டாப், டேப்லெட் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், இன்று முதல். ஆகஸ்ட் 4-ல், அக்டோபர் கடைசி வரை வேண்டாம். அப்புறம் அது உரிமத்திலிருந்து ஒரு பதிவு முறையாக இளைத்துவிட்டது. ஒரு நாள் ஆயுள்.

25 ஆகஸ்ட்

இரண்டு பேர் தனித்தனியே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒன்பது நாட்டு அறிவிப்பு மே 12, தடை மே 13. ஒரே நாள் இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்தைக் கதைச் சுவைக்காகச் சுருக்கிவிட்டேன். அரசுக்கு அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

29 ஆகஸ்ட், இரவு

வரி விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டிவிட்டார்கள். அக்டோபர் 1, புதுப் பருத்தி ஆண்டு, கதவை மூடும் கணக்கு என்று 22-ம் தேதி நான் கண்டுபிடித்த காரணம் ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை. பருத்தி வரத்து உச்சத்தில் இருக்கும் மூன்று மாதமும் கதவு திறந்தே இருக்கும். கப்பல் பயணக் கணக்கு இப்போது சரியாக வருகிறது, விவசாயி கணக்கு சரியாக வரவில்லை.

அமெரிக்காவின் 50 சதவீதம் நேற்று முன்தினம் அமலுக்கு வந்துவிட்டது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீதம் உண்டு. கூட்டினால் 66.5. இதற்குமேல் அந்த வியாபாரத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் டாக்குமென்ட்காரன் கண்ணுக்கு ஒன்று பட்டது. இரண்டாவது 25 சதவீதத்துக்கான உத்தரவில் கையெழுத்து ஆகஸ்ட் 6-ல். அமல் 27-ல். 27-க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கத்தில் கிளியர் ஆகும் சரக்குக்கு அந்த இரண்டாவது 25 கிடையாது. நம்மை அடிப்பவன் மூன்று வாரம் நேரம் சொல்லி, வழியில் இருக்கும் சரக்கை ஒதுக்கிவிட்டு அடிக்கிறான். சொந்த வீட்டில் கோதுமைக்காரனுக்கு ஒரு ராத்திரி.

எங்கள் கண்டெய்னர் ஒன்று ஆகஸ்ட் 5-ல் ஏறியது. கொழும்பில் கப்பல் மாறும். மாறுகிற கப்பலில் ஏறுவதுதான் "ஏறியது" என்று எண்ணப்படுமா என்று சரக்கு அனுப்பும் ஏஜென்டான ஃபார்வர்டரைக் கேட்டேன். "அண்ணா, நானே அதைத்தான் நாலு பேர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்" என்றார்.

30 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்தால் அமெரிக்காக்காரர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருக்கிறது. இல்லை. ஏப்ரல் 2-ல் நமக்கு 26 சதவீத வரி என்றார்கள். ஒரு வாரத்தில் நிறுத்திவைத்து 90 நாள் என்றார்கள். ஜூலை 9, அப்புறம் ஆகஸ்ட் 1, அப்புறம் ஆகஸ்ட் 7 முதல் 25, அப்புறம் 50. ஐந்து மாதத்தில் எத்தனை தடவை காஸ்டிங் ஷீட்டை மாற்றினேன் என்று எக்செல் ஃபைல் பெயர்களைப் பார்த்தால் தெரியும்: "கடைசி", "கடைசி 2", "இதுதான் கடைசி", "கடைசி உண்மையாக".

2 செப்டம்பர்

முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றுவது ஒரு வகை. பின்தேதியிட்டு மாற்றுவது அதைவிடக் கொடுமை.

ஏற்றுமதிக்கு எம்இஐஎஸ் என்று ஒரு ஊக்கத்தொகை இருந்தது. ஆடைக்கு 4 சதவீதம். 2020 ஜனவரியில் ஆடைக்கும் வீட்டு ஜவுளிக்கும் அதை ரத்து செய்தார்கள், எப்போதிலிருந்து என்றால் 2019 மார்ச் 7-லிருந்து. பத்து மாதத்துக்கு மேல் அனுப்பி முடித்த சரக்கு. நாங்கள் அந்த 4 சதவீதத்தைக் கழித்துத்தான் பையருக்கு விலை சொல்லியிருந்தோம். பின்னலாடையில் ஒரு பீசுக்கு நிற்கும் லாபமே பல நேரம் அவ்வளவு இருக்காது. அந்த வருடக் கணக்கைப் பார்த்த எங்கள் ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நேரடி ஏற்றுமதி மானியம் உலக வணிக அமைப்பின் விதிக்கு ஒத்துவராது என்று 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. எம்இஐஎஸ்ஸை எப்படியும் மூடியாக வேண்டும். 2020 டிசம்பர் 31-ல் மொத்தமாக மூடினார்கள். அதற்குப் பதில் 2021 ஜனவரி 1 முதல் ரோடெப், அதாவது ஏற்றுமதிச் சரக்கில் ஏறிய வரிகளைத் திருப்பித் தரும் திட்டம். எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதம் வெளியானது ஆகஸ்ட் 17. ஏழரை மாதம், எவ்வளவு திரும்பி வரும் என்று தெரியாமலே துணி அனுப்பினோம்.

4 செப்டம்பர்

"துணி அனுப்பினோம்" என்றதற்கு ஒரு நண்பர் காதைத் திருகியிருக்கிறார். சரிதான், தைத்த ஆடைக்கு ரோடெப் இல்லை, மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் ரோஸ்சிடிஎல் என்ற தனித் திட்டம். ஆனால் அது தொடருமா, ரோடெப்பில் கரையுமா என்று 2021 ஜூலையில் அமைச்சரவை முடிவெடுக்கும்வரை எங்களுக்கும் தெரியாது. ஆகவே பெயரில் தப்பு, வயிற்றெரிச்சலில் தப்பில்லை.

நேற்று இரவு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பார்த்தீர்களா? செயற்கை இழை 18-லிருந்து 5, அதன் நூல் 12-லிருந்து 5, செப்டம்பர் 22 முதல். இதுவரை இழைக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்று தலைகீழாக இருந்தது. மூலப்பொருளில் அதிகம் கட்டி, விற்பனையில் குறைவாக வாங்கி, மிச்சத்தை ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் எல்லாம் 12 என்று ஒருமுறை சரிசெய்யப் பார்த்தார்கள். துணிக்கு 5-லிருந்து 12 என்றதும் கூச்சல் எழுந்து, டிசம்பர் 31 அன்று, அமலாக ஒரு ராத்திரி இருக்கும்போது, நிறுத்திவிட்டார்கள்.

இதை எழுதும்போதே என் வாதம் காலை வாருகிறது. 2017-லிருந்து இந்தத் தலைகீழ் அமைப்பு கிட்டத்தட்ட எட்டு வருடம் அசையாமல் இருந்தது. இந்த உரையாடலில் நாம் பேசிய எல்லாவற்றையும்விட நிலையான கொள்கை இதுதான். நிலையாகத் தப்பாக இருந்தது. பருத்தியை விட்டுச் செயற்கை இழைக்கு மாறலாம் என்று நினைத்த எத்தனை சின்ன யூனிட்கள் அந்த ரீஃபண்ட் பயத்தில் பின்வாங்கின என்று நான் பார்த்திருக்கிறேன்.

11 செப்டம்பர்

கொரியாவைப் பார் என்று மூன்று பேர். பார்த்தோம்.

1965-லிருந்து கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே போய் உட்கார்ந்தார். யார் எவ்வளவு ஏற்றுமதி செய்தார்கள், எங்கே அடைத்துக்கொண்டது என்று அங்கேயே கேள்வி. 1973-ல் எஃகு, கப்பல், ரசாயனம் என்று கனரகத் தொழிலுக்குத் தாவினார்கள். 1979-ல் விலைவாசி கையை மீறியதும் அந்த முதலீடுகளில் பலவற்றைத் தள்ளிப்போட்டார்கள். ஆகவே அவர்களும் திரும்பினார்கள். திரும்பாமல் இருந்தது அளவுகோல் ஒன்றுதான்: வெளிச்சந்தையில் விற்றாயா, இல்லையா. சர்வாதிகாரமும் கூட இருந்தது, அதைச் சொல்லாமல் கொரியாவை உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

இந்தோனேசியா: நிக்கல் தாதுவை வெளியே விடமாட்டோம், இங்கேயே உருக்கு என்று 2014-ல் தடை. 2017-ல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரியில் மறுபடி தடை. முதல் தடையை நம்பி உருக்காலைக்குப் பணம் போட்டவன் 2017-ல் என்ன நினைத்திருப்பான்? கடைசியில் உருக்காலைகள் வரிசையாக வந்தன என்பதும் உண்மை. ஆட்டம் கண்டாலும் பலித்த கொள்கை. எனக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால் என் வாதத்துக்கு எதிராக இருக்கிறது.

நம்மிடம் ஒரு காலத்தில் இறக்குமதிக் கொள்கை வருடாவருடம் ஏப்ரலில் வரும். 1985-ல் மூன்று வருடத்துக்கு ஒன்று என்றார்கள், 1992-ல் ஐந்து வருடம். 2015–20 கொள்கையை 2023 மார்ச் வரை இழுத்துக்கொண்டே போனார்கள். 2023-ல் வந்ததற்கு முடிவு தேதியே கிடையாது. முடியாத கொள்கை. நிலையானதா என்று கேட்டால், எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான் அதன் பொருள் என்று எங்கள் ஆபீஸ் பையன் சொன்னான். இருபத்து நாலு வயது.

18 செப்டம்பர்

கண்டெய்னர் 14-ம் தேதியே இறங்கி, 16-ல் கிளியர் ஆகிவிட்டது. ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பித்தது. பையர் நன்றி சொல்லி மெயில் அனுப்பினார், அடுத்த பத்தியில் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கேட்டார்.

சாயப்பட்டறை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் இந்தப் பேச்சுக்குள் வரும். சாயக் கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று 2006-லேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மாட்கள் இதுவும் போகும், அவகாசம் நீளும் என்று நம்பினார்கள். நீண்டதும் உண்மைதான். 2011 ஜனவரி 28-ல் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல முடியாது. அதற்குப்பின் விதி அசையவில்லை. சுத்திகரிப்புக்குப் பணம் போட்டவர்கள் நின்றார்கள், இன்று பையரிடம் அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

கடுமையான விதி தாங்கும், ஆடுகிற விதி தாங்காது என்று இதை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மூடியது மூடியபடியே போன பட்டறைக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

7 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு அலமாரி துடைத்தபோது 2012 டைரி கிடைத்தது. இங்கே எழுதவில்லையே தவிர, பல வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒரு கதை சொல்லி வந்திருக்கிறேன்: 2012 மார்ச் 5-ல் பஞ்சு ஏற்றுமதியைத் தடை செய்து ஒரு வாரத்தில் தளர்த்தினார்களே, அந்தக் குளறுபடியால் எங்கள் மில்லுக்குப் பெரிய நஷ்டம் என்று.

டைரி வேறு சொல்கிறது. தடை வந்த மறுநாள் நான் எழுதியிருப்பது: "விலை இறங்கும். கொள்முதல் நிறுத்து. பத்து நாள் பொறு." பொறுத்தோம். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் எதிர்ப்பு, வேளாண் அமைச்சர் சரத் பவாரே வெளிப்படையாக எதிர்த்தார், 12-ம் தேதி ஏற்கெனவே பதிவான சரக்குக்கு வழி திறந்துவிட்டார்கள். நாங்கள் வெறும் கிடங்கோடு, ஏறிய விலைக்கு வாங்கினோம்.

நஷ்டம் தடையால் வரவில்லை, தளர்த்தியதாலும் வரவில்லை. தடை நிற்கும் என்று நான் பந்தயம் கட்டியதால் வந்தது. பதின்மூன்று வருடமாக அதை அரசின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

சரி, அப்படியே பந்தயம் கட்டாமல் வழக்கம்போல வாங்கியிருந்தால்? தடை நின்றிருந்தால் அதிக விலைக்கு வாங்கிய முட்டாள் ஆகியிருப்பேன். இரண்டிலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது பஞ்சு அல்ல, டெல்லியில் அடுத்த வாரம் யார் யாரைச் சமாதானப்படுத்துவார்கள் என்பது. கொள்முதல் அதிகாரிக்கு அது வேலை இல்லை. ஆனால் பல வருடம் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன். பஞ்சின் தரம் பார்க்கக் கற்றுக்கொண்டதைவிட அறிவிக்கையின் கடைசி வரியைப் பார்க்கக் கற்றுக்கொண்டதில்தான் சம்பள உயர்வு வந்தது.

20 நவம்பர்

விஸ்கோஸ் இழைக்கான தரக் கட்டுப்பாட்டு உத்தரவை முந்தாநாள் ரத்து செய்துவிட்டார்கள். பாலியஸ்டர் இழை, நூலுக்குப் போன வாரமே போய்விட்டது. பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இல்லாத இழை உள்ளே வரக் கூடாது என்று 2023-ல் கொண்டுவந்தபோது, எங்களுக்கு இழை கொடுத்துவந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் வேண்டாம் இந்தச் சந்தை என்று போய்விட்டார். இன்னொருவர் மெனக்கெட்டு, ஆட்களை வரவழைத்து, ஆலையைக் காட்டி, உரிமம் வாங்கினார். நேற்று அவரிடமிருந்து ஒரு செய்தி. வாழ்த்து எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

எனக்கு இந்த ரத்து சந்தோஷம். மூலப்பொருள் விலை குறையும், இரண்டு வருடமாகக் கேட்டதுதான். அந்தக் கேள்விக்குறிக்கு என்ன பதில் அனுப்புவது என்று இன்னும் தெரியவில்லை.

இந்த உரையாடலைத் தொடங்கியவர் "கடைசியில் உங்கள் முடிவுதான் என்ன" என்று கேட்டிருக்கிறார். முடிவு இருக்கட்டும், இன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவருக்கு மில் இருக்கிறது. பிரேசில் பஞ்சு இப்போது புக் செய்தால் ஜனவரி முதல் வாரம் வரும். விலக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது. "நீட்டிப்பாங்களா?" என்று கேட்டார். அக்டோபரில் டைரி படித்தவன் என்பதால், தெரியாதுங்க என்றேன். சரி, நீட்டிக்கச் சொல்லி ஒரு மனுவாவது எழுதிக் கொடு என்றார்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஜனவரிக்கு மேலும் ஆறு மாதம் வேண்டும் என்று முதல் பத்தி. அமெரிக்க வரி, வேலையிழப்பு என்று இரண்டாவது. மூன்றாவது பத்தியைப் பழக்க தோஷத்தில் "தொழில்துறைக்கு நிலையான கொள்கை அவசியம்" என்று ஆரம்பித்திருந்தேன். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன்.